பல தொல்லை, ஒரே வேர்: இணைப்புத் திசு நோய்களைத் தெரிந்துகொள்வோம்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் முடிந்த பிறகு உடம்பைப் பற்றிப் பேச்சு வருவது வழக்கம். "கை காலெல்லாம் வலிக்குதுக்கா", "எந்நேரமும் அசதியா இருக்கு", "எனக்குத் தைராய்டுன்னு சொல்லிட்டாங்க" என்று ஆளுக்கு ஒன்று சொல்வோம். இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை ஓயாத உழைப்பாலும் ரத்தசோகையாலும் வருபவை. ஆனால் மிகச் சிலருக்கு, தனித்தனியாகத் தெரிகிற பல தொல்லைகளுக்கும் அடியில் ஒரே வேர் இருக்கும். அதைப் பற்றித்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

2022 அக்டோபரில் நடிகை சமந்தா தனக்கு 'மயோசைடிஸ்' என்ற நோய் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். நம்மில் பலர் அந்தப் பெயரை அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டோம். மயோசைடிஸ் என்பது தசைகளைத் தாக்கும் நோய். அது தனி நோய் இல்லை. ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு 'இணைப்புத் திசு நோய்கள்' என்று பெயர். இந்த நோய்கள் ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகம் வருகின்றன. அதிலும் 15 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். நம் குழு உறுப்பினர்களில் அதிகம் பேர் அந்த வயதுதான். நம் மகள்களும் மருமகள்களும் அந்த வயதுதான். அதனால் இது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இணைப்புத் திசு என்றால் என்ன?

கீற்றுக் கொட்டகை போடுவதைப் பார்த்திருப்போம். மூங்கில் இருக்கும், கீற்று இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது கயிறு. கயிறு இல்லாவிட்டால் கொட்டகை நிற்காது. நம் உடம்பிலும் அப்படித்தான். எலும்பு, தசை, தோல், ரத்தக் குழாய், நுரையீரல், குடல் என்று எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்துக் கட்டி வைத்திருக்கும் பொருளுக்கு இணைப்புத் திசு என்று பெயர். தலை முதல் கால் வரை அது இல்லாத இடம் இல்லை. அதனால்தான் அதில் கோளாறு வந்தால் கையிலும் தெரியும், தொண்டையிலும் தெரியும், மூச்சிலும் தெரியும்.

கோளாறு எதனால் வருகிறது?

கிருமி வந்தால் எதிர்த்துச் சண்டை போட நம் உடம்புக்குள்ளேயே ஒரு காவல் படை இருக்கிறது. அதை நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். சிலருக்கு இந்தக் காவல் படை ஆள் அடையாளம் தெரியாமல் போய், சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்க ஆரம்பித்துவிடுகிறது. ராத்திரிக் காவலுக்கு வைத்த ஆள் வீட்டுக்காரரையே திருடன் என்று அடித்தால் எப்படி இருக்கும், அப்படித்தான். இதைத் 'தன்னுடல் தாக்கு நோய்' என்று சொல்கிறார்கள்.

இது ஏன் வருகிறது என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. பிறவியிலேயே உள்ள தன்மை, பெண்களின் ஹார்மோன், சுற்றுச்சூழல் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. மூன்று விஷயங்களை மட்டும் உறுதியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது ஒட்டுவாரொட்டி இல்லை. தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ வராது. யாரும் செய்த பாவத்தாலும் வருவதில்லை.

"சனி பிடிச்சிருக்கு, அதான் இப்படி" என்று சொல்வது நம் ஊரில் சகஜம். திருநள்ளாறு பக்கத்திலேயே இருக்கும்போது அந்தப் பேச்சு வராமல் இருக்குமா? கோயிலுக்குப் போய் விளக்கேற்றுங்கள், தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் போய் வேண்டிக்கொள்ளுங்கள். மனசுக்குத் தெம்பு வேண்டும்தான். ஆனால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஒன்றோடு ஒன்று ஏன் சேர்ந்து வருகிறது?

இந்தக் குடும்பத்து நோய்களில் முக்கியமானவை இவை:

* லூபஸ்: தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல இடங்களைத் தாக்கும். பத்துப் பேருக்கு வந்தால் அதில் ஒன்பது பேர் பெண்கள்.
* ஸ்க்லீரோடெர்மா: தோல் தடித்து இறுகிப்போகும். நுரையீரல், உணவுக்குழாய் போன்ற உள்ளுறுப்புகளும் இறுகலாம்.
* மயோசைடிஸ்: தோள், தொடைத் தசைகள் பலம் இழக்கும்.
* சோகிரன்: கண்ணிலும் வாயிலும் ஈரம் வற்றிப்போகும்.
* முடக்குவாதம்: கை, கால் சிறு மூட்டுகள் வீங்கும். இந்தக் கூட்டத்தில் அதிகம் பேருக்கு வருவது இதுதான்.

காவல் படை ஒரு முறை அடையாளம் தவறிவிட்டால், ஒரே இடத்தோடு நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் ஒரே பெண்ணுக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே வரலாம். தைராய்டு சுரப்பியைத் தாக்கும் தன்னுடல் நோயும் இவற்றோடு அடிக்கடி கூட்டுச் சேரும்.

இப்படிச் சேர்ந்து வருவதில் ஒரு வகையை 1972இல் அமெரிக்க மருத்துவர் கார்டன் ஷார்ப்பும் அவரோடு வேலை செய்தவர்களும் தனியாக அடையாளம் கண்டார்கள். லூபஸ், ஸ்க்லீரோடெர்மா, மயோசைடிஸ் மூன்றின் அடையாளங்களும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். ரத்தத்தில் ஆர்.என்.பி. என்ற ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பொருள் நிறைய இருக்கும். இதற்குக் 'கலப்பு இணைப்புத் திசு நோய்' என்று பெயர் வைத்தார்கள்.

இது அரிதான நோய். நார்வே நாடு முழுவதும் எடுத்த ஒரு கணக்கு 2011இல் வெளியானது. அதன்படி ஒரு லட்சம் பெரியவர்களில் சுமார் நான்கு பேருக்கு இந்தக் கலப்பு நோய் இருந்தது. நம் காரைக்கால் மாவட்டத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 2 லட்சம் பேர். அந்த நாட்டுக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஒரு அளவுக்காகப் போட்டுப் பார்த்தால், கோட்டுச்சேரியிலிருந்து திருமலைராயன்பட்டினம் வரை மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஐந்தாறு பேர்தான் வருவார்கள். அதனால் யாரும் பயந்துவிட வேண்டாம். ஆனால் அந்த ஐந்தாறு பேரில் ஒருத்தி நம் குழுவில் இருந்தால், "உனக்கு எப்பப் பாத்தாலும் ஏதாவது ஒண்ணு" என்ற பேச்சைத்தான் அவள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

விரல் சொல்லும் சேதி

இந்த நோய்களில் பலவும் முதலில் தெரிவது விரலில்தான். குளிர் பட்டவுடன் விரல் நுனி சுண்ணாம்பு பூசினது போல் வெளுக்கும். பிறகு நீலம் பாயும். சூடு பட்டதும் சிவந்து விண் விண் என்று தெறிக்கும். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் மொரீஸ் ரேனோ 1862இலேயே இதைப் பற்றி எழுதினார். அதனால் இதற்கு 'ரேனோ' என்றே பெயர்.

நம் ஊர் வெயிலில் குளிர் ஏது என்று கேட்கலாம். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி சகோதரிகளைக் கேளுங்கள். விடிகாலையில் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் எடுப்பது அவர்களுக்குத் தினப்படி வேலை. "ஐஸ்ல கை வச்சா விரல் செத்துப்போன மாதிரி வெள்ளையா ஆயிடுது" என்று யாராவது சொன்னால், ஐஸில் கைவைத்தால் எல்லோருக்கும் மரத்துத்தானே போகும் என்று விட்டுவிடுகிறோம். மரத்துப்போவது எல்லோருக்கும் வரும். ஆனால் கோடு கிழித்தது போல் பாதி விரல் வெளுத்து, பிறகு நீலமானால் அது வேறு.

விரல் வெளுக்கும் எல்லோருக்கும் இந்த நோய் இருப்பதில்லை. இள வயதிலிருந்தே லேசாக விரல் வெளுக்கும் பல பெண்களுக்கு வேறு எந்த நோயும் கிடையாது. கீழே உள்ளவற்றில் இரண்டு மூன்று அதோடு சேர்ந்திருந்தால்தான் கவனிக்க வேண்டும்:

1. காலையில் எழுந்ததும் கைவிரல்கள் ஊதி, மோதிரம் கழற்ற முடியாமல், மடக்க முடியாமல் இருப்பது. இது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது.
2. விரல் நுனியில் ஆறாத புண். தோல் தடித்து இறுகுவது.
3. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாதது. தலை சீவக் கையைத் தூக்க முடியாதது.
4. சோறு தொண்டையில் நிற்பது, ஓயாத நெஞ்செரிச்சல்.
5. கண்ணில் மண் விழுந்தது போல் உறுத்தல், வாய் வறட்சி.
6. வெயில் பட்டால் முகத்தில் சிவப்புத் தடிப்பு. கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது. அடிக்கடி வாய்ப்புண்.
7. மாடி ஏறினால், குடம் தூக்கினால் மூச்சு வாங்குவது. விடாத வறட்டு இருமல்.
8. காரணம் தெரியாமல் விட்டு விட்டு வரும் காய்ச்சல், எடை குறைவது.

ஐந்து சீட்டு, ஐந்து டாக்டர்

ஒரு சகோதரியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கைவீக்கத்துக்கு எலும்பு டாக்டரைப் பார்க்கிறாள். வலி மாத்திரை கொடுக்கிறார். நெஞ்செரிச்சலுக்கு வேறொரு டாக்டர், அல்சர் மாத்திரை. அசதிக்கு வேறொருவர், தைராய்டு மாத்திரை. முடி கொட்டுவதற்குத் தோல் டாக்டர். மூச்சு வாங்கினால் ஆஸ்துமா என்று ஒரு சீட்டு. ஒவ்வொருவரும் தன் முன்னால் சொல்லப்பட்ட தொல்லைக்குச் சரியாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஐந்து சீட்டையும் ஒரே மேசையில் வைத்து யாரும் பார்க்கவில்லை. இவளும் ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வதில்லை. "கைவலிக்கு வந்துட்டு முடி கொட்டுறத எதுக்குச் சொல்லணும்?" என்று நினைக்கிறாள்.

இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடிவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கடன். முதலில் உள்கடன், பிறகு கந்துவட்டி. அதற்குள் நோய் நுரையீரல் வரை போய்விடலாம். கலப்பு நோயில் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறுவதாலும், நுரையீரல் தழும்பு கட்டி இறுகுவதாலும்தான். அதை ஆரம்பத்தில் பிடித்தால் கட்டுப்படுத்த முடியும். தழும்பு விழுந்த நுரையீரலைப் பழையபடி ஆக்க முடியாது.

எனவே இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: எல்லாச் சீட்டையும் ஒரே பையில் போட்டு, எல்லாத் தொல்லையையும் ஒரே டாக்டரிடம் சொல்லுங்கள்.

எங்கே போவது?

முதலில் காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்குப் போய், பொது மருத்துவரிடம் மேலே சொன்ன அடையாளங்களை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். ரத்த அணுக்கள், இ.எஸ்.ஆர்., சிறுநீரில் புரதம், தைராய்டு போன்ற அடிப்படைப் பரிசோதனைகளிலேயே பல துப்புகள் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.

இந்த நோய்களுக்கென்று படித்த டாக்டரை 'ருமட்டாலஜிஸ்ட்' என்பார்கள். காரைக்காலில் 2016இல் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளை தொடங்கியது. இந்த நோய்களுக்கான தனித்துறை இருப்பது புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள பெரிய ஜிப்மரில். அங்கே 'கிளினிக்கல் இம்யூனாலஜி' துறை எங்கே என்று கேட்க வேண்டும். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜி துறை இருக்கிறது. சீர்காழி, சிதம்பரம், கடலூர் தாண்டிப் புதுச்சேரி போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆகும். அதனால் எந்தக் கிழமை அந்தத் துறையில் புது நோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அங்கே ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். ஒரு எச்சரிக்கை: நல்ல ஆரோக்கியமாக இருக்கும் சிலருக்கும் ஏ.என்.ஏ. 'பாசிட்டிவ்' என்று வரும். தாளைப் பார்த்து நீங்களே முடிவு செய்யாதீர்கள். உடம்பின் அடையாளத்தையும் தாளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதுதான் டாக்டரின் வேலை. தேவைப்பட்டால் இதய எக்கோ, நுரையீரல் ஸ்கேன், மூச்சுப் பரிசோதனை செய்வார்கள். "எனக்கு மூச்சு நல்லாத்தானே இருக்கு" என்று அவற்றைத் தட்டிக் கழிக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயுஷ்மான் பாரத் அட்டை பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேரும்போதுதான் உதவும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு உதவாது. மாத்திரைகள் மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலையில் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள்.

மாத்திரை பற்றிச் சில உண்மைகள்

1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற மருந்தை முதல் முறையாகக் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். அந்த ஆராய்ச்சிக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வகை மருந்தைத்தான் 'ஸ்டீராய்டு' என்கிறோம். உயிர் காக்கும் மருந்து, ஆனால் அளவு தெரிந்து எடுக்க வேண்டிய மருந்து.

* ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. முகம் ஊதுகிறது, அக்கம்பக்கம் கேலி பேசுகிறது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார்.
* மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் சாப்பிட்டால் விஷமாகும். எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாத சகோதரிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அதை ஞாபகப்படுத்தட்டும்.
* ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பல வருஷம் எடுத்தால் கண்ணைப் பாதிக்கலாம். டாக்டர் சொல்லும் இடைவெளியில் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.
* மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். பெயர் தெரியாத பொடி, சூரணமும் வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இந்த நோயை வேரோடு எடுத்துவிட முடியாது. ஆனால் சர்க்கரை, பிரஷர் போல அடக்கி வைத்து வாழ முடியும். பலர் வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்து நன்றாகவே இருக்கிறார்கள்.

கல்யாணம், பிள்ளைப்பேறு

இந்த நோய் உள்ள பல பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். நோய் அடங்கியிருக்கும் காலத்தில், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கருத்தரிப்பதுதான் பாதுகாப்பு. மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோபீனோலேட் போன்ற மருந்துகள் வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கும். அவற்றை டாக்டர் முன்னதாகவே மாற்றித் தருவார். சோகிரன், லூபஸ் உள்ளவர்களில் சிலரின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். அதனால் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் நோயை மறைக்கவே கூடாது.

"கல்யாணம் ஆகணும், வெளிய தெரியக் கூடாது" என்று மகளின் மாத்திரையை ஒளித்து வைக்கிற வீடுகள் உண்டு. ஒளித்து வைத்த மாத்திரை புகுந்த வீட்டில் நின்றுபோகும். ஆறு மாதத்தில் நோய் முற்றிப் பெண் பிறந்த வீட்டுக்கே திரும்பி வருவாள். சொல்லிக் கொடுப்பதுதான் பெண்ணுக்கு நல்லது.

அன்றாடம் என்ன செய்யலாம்?

* ஐஸ் பெட்டியில் கை வைக்குமுன் பருத்திக் கையுறையும், அதன்மேல் ரப்பர் கையுறையும் போடுங்கள். விரல் வெளுத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கை வையுங்கள். அடுப்பில் காட்டாதீர்கள், மரத்த விரலுக்குச் சூடு தெரியாது.
* வெற்றிலையோடு புகையிலை வேண்டாம். அது ரத்தக் குழாயைச் சுருக்கும். வீட்டில் பீடி, சிகரெட் புகையும் வேண்டாம்.
* நெஞ்செரிச்சல் இருந்தால் ராத்திரி சீக்கிரம் சாப்பிடுங்கள். சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள்.
* வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள் முழுக்கை சட்டை, தலையில் துண்டு போட்டு வெயிலை மறைத்துக்கொள்ளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அடையாளங்கள்: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விரல் நுனி கறுப்பது, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடும்போது காய்ச்சல், நுரையாக அல்லது சிவப்பாகச் சிறுநீர், கால் வீக்கம், தலைவலியோடு பிரஷர் ஏறுவது, வாந்தியால் ஸ்டீராய்டு மாத்திரை உள்ளே நிற்காமல் போவது.

குழு என்ன செய்ய முடியும்?

மருந்து கொடுப்பது டாக்டர். ஆனால் மருந்து நிற்காமல் பார்த்துக்கொள்ள நம்மால் முடியும்.

1. ஊக்குநரும் பிரதிநிதியும் நோயுள்ள உறுப்பினருக்கு ஒரே கோப்பு போட்டுக் கொடுக்கலாம். எல்லாச் சீட்டும் தேதி வரிசையில் அதில் இருக்கட்டும். முதல் பக்கத்தில் இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் இருக்கட்டும்.
2. புதுச்சேரிக்கு முதல் முறை போகும்போது ஒரு உறுப்பினர் துணைக்குப் போகலாம். பஸ் செலவை உள்கடனாகத் தர தீர்மானம் போடலாம்.
3. நோய் அதிகமாக இருக்கும் மாதங்களில் தவணையைத் தள்ளி வைக்கலாம். கந்துவட்டிப் பக்கம் அவளைப் போகவிடக் கூடாது.
4. ஐஸ், தண்ணீர், வெயில் சேர்ந்த வேலைக்குப் பதில் கணக்கு எழுதுவது, விற்பனையைப் பார்ப்பது போன்ற வேலையை அவளுக்கு மாற்றிக் கொடுக்கலாம்.
5. கூட்டத்துக்கு வரவில்லை என்று அபராதம் போடுமுன், ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேட்கலாம்.

இதில் ஐந்தாவதுதான் முதலில் செய்ய வேண்டியது. பார்வைக்கு நன்றாகத்தான் இருப்பாள், ஆனால் சோறு பிசையக்கூட விரல் மடங்காது. "நல்லாத்தானே இருக்கா, வேலைக்குச் சோம்பல்" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை, அவள் தன் தொல்லையை வெளியே சொல்லும் வாயை அடைத்துவிடும். சொல்லாத நோயை எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். எட்டு அடையாளங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, "நம்மில் யாருக்காவது இதில் இரண்டு மூன்று சேர்ந்து இருக்கா?" என்று கேளுங்கள். யாராவது கை தூக்கினால், அந்த வாரமே எல்லாச் சீட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அவள் கூட யார் போவது என்பதையும் அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.